எண்ணிக்கையிலிருந்து வடிவம்

(குரோமோசோம்களின் முப்பரிமாண அமைப்பைக் கணக்கிட்டு அறியும் முறைகள் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் இதழ்களின் அட்டையில் இப்படியொரு படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பல நிறக் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டு நிற்கும். கீழே 'மனிதச் செல்லின் உட்கருவில் குரோமோசோம்கள்' என்று எழுதியிருக்கும். நல்ல நுண்ணோக்கியில் யாரோ எடுத்த புகைப்படம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் காட்சியை யாரும் கண்ணால் கண்டதில்லை. சில கோடி எண்ணிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, 'இப்படி இருந்திருக்கலாம்' என்று கணினி வரைந்து கொடுத்த படம் அது. அந்த 'இருக்கலாம்' எப்படிப் பிறக்கிறது, அதில் எவ்வளவை நம்பலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணைப் பறிக்கும் முப்பரிமாணப் படம் தருகிற மாதிரியைவிட, 'இந்த இடத்தில் இத்தனை எழுத்துகளை வெட்டினால் இன்னது நடக்கும்' என்று முன்கூட்டியே சொல்லி, தவறினால் மாட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிற மாதிரியே இந்தத் துறையில் உயர்ந்தது. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் தரப்பையும் சொல்லத்தான் போகிறேன்.

நம் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள். அவற்றின் டிஎன்ஏவை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இதைச் சொல்லி வியப்பதோடு பல பேச்சுகள் நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால், அடைபட்டுக் கிடப்பதில் பெரிய வியப்பில்லை. அடைபட்ட நிலையிலும் அது வேலை செய்கிறதே, அதுதான் விஷயம். கை கால்கள் உருவாவதற்கு வேண்டிய 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். வளரும் கரு மொட்டில் அதை முடுக்கிவிடும் தூண்டுபகுதி, மரபணுவுக்குப் பக்கத்தில் இல்லை. ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்தத் தூண்டுபகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் குழந்தை கூடுதல் விரலோடு பிறக்கக்கூடும். அவ்வளவு தொலைவிலிருந்து அது மரபணுவை எப்படி எட்டுகிறது? இடையிலுள்ள இழை மடிவதால்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆக, எழுத்துவரிசை தெரிந்தால் மட்டும் போதாது. எது எதற்கு அருகில் வருகிறது என்பதும் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வி பழையது. 1885இல் கார்ல் ரப்ல் சாலமண்டர் செல்களைப் பார்த்துவிட்டு, குரோமோசோம்களின் நடுக்கட்டுகள் உட்கருவின் ஒரு பக்கத்திலும் நுனிகள் எதிர்ப்பக்கத்திலும் ஒதுங்குகின்றன என்று எழுதினார். ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கென ஓர் ஆட்சிப்பகுதி வைத்திருக்கிறது என்று 1909இல் தியோடோர் போவேரி சொன்னார். பிறகு நெடுநாள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980களில் ஜெர்மனியில் தாமஸ் கிரெமர், கிறிஸ்டோஃப் கிரெமர் என்ற சகோதரர்களும் பிறரும் லேசரையும் ஒளிரும் சாயங்களையும் கொண்டு போவேரி சொன்னது சரி என்று நிறுவினார்கள். ஆனால் அன்றைய நுண்ணோக்கியில் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் சாயம் பூசிப் பார்க்க முடியும். 310 கோடி எழுத்துகள் கொண்ட நூலை அப்படிப் படித்து முடிக்க முடியாது.

திருப்பம் 2002இல் வந்தது. ஜாப் டெக்கரும் நான்சி கிளெக்னர் உள்ளிட்ட சகாக்களும் ஈஸ்டை வைத்துச் செய்த ஆய்வு அது. 3சி என்று அதற்குப் பெயர். பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணுவோம் என்பதே அதன் சாரம். 2009இல் அதே டெக்கரும், எரெஸ் லீபர்மன்-எய்டன், நின்கே வான் பெர்கும், எரிக் லாண்டர் முதலியோரும் அதை மரபுத்தொகை முழுவதற்கும் விரித்து 'ஹை-சி' என்று பெயரிட்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்களை ஃபார்மால்டிஹைடில் நனைக்கிறார்கள். மீன் கெடாமலிருக்கக் கலப்பதாகச் செய்திகளில் அடிபடுகிற ஃபார்மலினில் உள்ளதும் இதுதான். அது அந்தக் கணத்தில் அருகருகே இருக்கும் இழைகளைப் புரதங்களோடு சேர்த்து அப்படியே பிணைத்துவிடும். பிறகு ஒரு நொதியால் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டிய முனைகளில் பயோட்டின் என்ற அடையாளம் வைத்து, பக்கத்தில் இருக்கும் முனைகளை மீண்டும் ஒட்டவிடுகிறார்கள். இழையின் நீளத்தில் தொலைவில் இருந்த இரண்டு துண்டுகள் இப்போது ஒரே துண்டாகிவிடும். அடையாளம் உள்ளவற்றை மட்டும் மீன்பிடிப்பதுபோல் பிரித்தெடுத்து, இரு நுனிகளையும் படிக்கிறார்கள். ஒரு நுனி 5ஆம் குரோமோசோமின் இன்ன இடம், மறு நுனி அதே குரோமோசோமின் இன்னோர் இடம் என்று தெரிந்தால், அந்த இரண்டும் ஏதோ ஒரு செல்லில், ஒரு கணம், அருகில் இருந்திருக்கின்றன என்று பொருள். ஒரு தொடுகை. இப்படிக் கோடிக்கணக்கில்.

ஆய்வகத்தின் வேலை இதோடு முடிந்தது. இனிமேல் எல்லாம் கணக்கு.

தமிழ்நாட்டையே பார்த்திராத ஒருவர் கையில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே நாளொன்றுக்கு எத்தனை பேருந்து ஓடுகிறது என்பது மட்டும் அதில் எழுதியிருக்கிறது. சாலை, திசை, தூரம் எதுவும் இல்லை. அதை வைத்து அவர் தமிழ்நாட்டின் வரைபடத்தை வரைய வேண்டும். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நிறையப் பேருந்து, ஆகவே பக்கத்து ஊர். திருமங்கலத்துக்கும் திருவள்ளூருக்கும் நேர்ப் பேருந்தே இல்லை, ஆகவே தூரம். இப்படியே போனால் ஏதோ ஒரு படம் கிடைக்கத்தான் செய்யும். ஹை-சி தரவிலிருந்து குரோமோசோமை வரைவதும் இந்த வேலைதான். அவருக்கு வரும் இடைஞ்சல்கள் எல்லாம் நமக்கும் வரும்.

முதல் இடைஞ்சல், சென்னை. சென்னைக்கு எல்லா ஊரிலிருந்தும் பேருந்து உண்டு. அதற்காகச் சென்னை எல்லா ஊருக்கும் பக்கத்தில் இருக்கிறது என்று ஆகுமா? குரோமோசோமிலும் சில இடங்கள் இப்படித்தான். நொதி அதிகம் வெட்டும் இடம், ஜி, சி என்ற எழுத்துகள் செறிந்த இடம், படித்த வரியை ஐயமின்றி இன்ன இடம் என்று பொருத்த முடிகிற இடம் ஆகியவை தகுதிக்கு மேல் எண்ணிக்கை வாங்கும். 2011இல் யாஃபே, தனாய் என்ற இருவர் இந்தச் சாய்வுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே மாக்சிம் இமகாயேவ், லியோனிட் மிர்னி குழுவினர் வேறு வழி காட்டினார்கள். சாய்வுக்கு என்ன காரணம் என்றே ஆராய வேண்டாம். எந்த இடத்துக்கும் மொத்த எண்ணிக்கை சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடுகை எண்ணிக்கைகளைக் கட்டமிட்டு எழுதிய அட்டவணையின், அதாவது அணியின், ஒவ்வொரு வரிசையையும் நிரலையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொண்டே போவோம். எல்லாக் கூட்டுத்தொகையும் சமமாகும்போது நிறுத்துவோம் என்றார்கள்.

எளிமையான, கொஞ்சம் துணிச்சலான யோசனை. புதிதும் இல்லை. 1937இல் குரூய்ட்ஹோஃப் என்ற டச்சுப் பொறியாளர் தொலைபேசி அழைப்புகளைக் கணக்கிட இதே உத்தியைக் கையாண்டார். 1940இல் டெமிங், ஸ்டீபன் ஆகியோர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளைச் சரிசெய்ய அதையே எழுதினார்கள். 1964இல் சிங்க்ஹார்ன் கணிதத் தேற்றமாக நிறுவினார். உயிரியல் அதைக் கண்டெடுக்க இன்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. துறைகளுக்கு நடுவே நாம் எழுப்பி வைத்திருக்கிற சுவர்களை நினைத்து இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். இன்று அது வேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடமும் சமம் என்பது ஓர் அனுமானம். புற்றுநோய்ச் செல்லில் ஒரு குரோமோசோம் துண்டு நாலைந்து படிகளாகப் பெருகியிருக்கும். அங்கே அந்த இடத்துக்கு எண்ணிக்கை அதிகமாக வருவதுதான் உண்மை நிலை. கண்ணை மூடிக்கொண்டு சமப்படுத்தினால் நோயின் அடையாளத்தையே துடைத்துவிடுவோம்.

இரண்டாவது இடைஞ்சல், நோட்டுப்புத்தகத்தின் பெரும்பகுதி வெற்றிடம். 2009இல் குரோமோசோம்களைப் பத்து லட்சம் எழுத்துத் துண்டுகளாகப் பிரித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 3,100 துண்டுகள். இணைகள் 48 லட்சம். கையிலிருந்த தொலைதூரத் தொடுகைகள் 67 லட்சம். சராசரியாகக் கட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 2014இல் சுகாஸ் ராவ், மிரியம் ஹண்ட்லி முதலியோர் ஒருவகை மனித ரத்தச் செல்லில் 490 கோடித் தொடுகைகளைத் திரட்டினார்கள். அசுர உழைப்பு. அதைக்கொண்டு ஆயிரம் எழுத்து நுணுக்கத்துக்குப் போனார்கள். ஆயிரம் எழுத்து என்றால் 31 லட்சம் துண்டுகள். இணைகள் ஏறத்தாழ 4.8 லட்சம் கோடி. 490 கோடியை அதில் பரப்பினால் ஆயிரம் கட்டத்துக்கு ஒரு தொடுகை தேறும். நுணுக்கத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் தரவு நான்கு மடங்கு வேண்டும் என்பது இந்தத் துறையின் தலைவிதி. பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள்? தொடுகைகள் எங்கும் சமமாகப் பரவுவதில்லை. இழையில் அடுத்தடுத்த இடங்களுக்கு இடையேதான் குவிகின்றன. அணியின் மூலைவிட்டத்தை ஒட்டிய பகுதி நன்றாகத் தெரியும். அதிலிருந்து விலக விலக ஊகம் கூடும்.

இந்த அணியைச் சும்மா பார்த்தே மூன்று பெரிய விஷயங்களைப் பிடித்தார்கள்; முப்பரிமாணப் படம் எதுவும் வரையாமல். தொலைவிலிருந்து பார்த்தால் அணி கட்டம் போட்ட லுங்கி மாதிரித் தெரியும். முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறையில் அதன் முதல் ஐகன் திசையனைக் கண்டால், துண்டுகள் இரண்டு கட்சியாகப் பிரியும். வேலை நடக்கும் பகுதிகள் ஒரு கட்சி, உறங்கும் பகுதிகள் மறு கட்சி. அந்தந்தக் கட்சி தன் ஆட்களோடுதான் சேரும். இது 2009இல் தெரிந்தது. 2012இல் பிங் ரென் குழுவும் எடித் ஹெர்ட் குழுவும் இன்னும் நெருங்கிப் பார்த்தபோது, மூலைவிட்டத்தை ஒட்டி வரிசையாகச் சதுரங்கள் தென்பட்டன. சதுரத்துக்குள் இருப்பவை தமக்குள் அதிகம் தொட்டுக்கொள்ளும், அடுத்த சதுரத்தை அவ்வளவாகத் தொடாது. இவற்றை 'டாட்' என்கிறார்கள். நான் வட்டாரம் என்கிறேன். சுண்டெலியின் கருத்தண்டுச் செல்லில் ரென் குழு இப்படி ஏறத்தாழ 2,200 வட்டாரங்களைக் கண்டது. 2014இன் நுணுக்கமான அணியில் சதுரங்கள் சிலவற்றின் முனையில் ஓர் அடர்ந்த புள்ளி தெரிந்தது. இரண்டு தொலைதூர இடங்கள் வந்து சந்திக்கும் கண்ணி. அப்படி ஏறத்தாழ 10,000 கண்ணிகள்.

அந்தக் கண்ணிகளுக்குப் பிறகு வருகிறேன். வரைபடத்தை முடித்துவிடுவோம்.

மூன்றாவது இடைஞ்சல்: நூறு பேருந்து என்றால் எத்தனை கிலோமீட்டர்? நோட்டில் அது இல்லை. தொடுகை எண்ணிக்கையைத் தூரமாக மாற்ற ஒரு விதி வேண்டும். தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தொடுகை குறைகிறது என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் விதி. அதாவது தொடுகை எட்டில் ஒரு பங்கானால் தூரம் இரண்டு மடங்கு. இது ஒருவகைப் பாலிமர் இயற்பியலிலிருந்து வருகிறது. அந்த அடுக்குக்குறியைக் கொஞ்சம் மாற்றினால் வரும் உருவமும் மாறிவிடும். தூரம் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு வேலை பழகிய வேலை. உளவியலுக்காக 1952இல் டோர்கர்சன் வகுத்த பல்பரிமாண அளவிடல் முறை, தூரப் பட்டியலிலிருந்து புள்ளிகளின் இருப்பிடத்தைத் தந்துவிடும். 2014இல் நெல் வரோகோ, வில்லியம் நோபிள் முதலியோர் இன்னும் நேர்மையான வழி ஒன்றைச் செய்தார்கள். தூரத்தைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு எண்ணிக்கையையும் பாய்சான் பரவலிலிருந்து வந்த ஒரு வாய்ப்பாகக் கருதி, இந்த எண்ணிக்கைகள் வர மிக அதிக நிகழ்தகவு உள்ள உருவம் எது என்று தேடினார்கள். அவர்கள் முறையில் அடுக்குக்குறியைக்கூடத் தரவே தேர்ந்தெடுக்கும்.

இதிலும் ஒரு சங்கடம் தீராது. தூரங்களை மட்டும் வைத்து வரைந்தால் ராமேஸ்வரம் கிழக்கே வருமா மேற்கே வருமா என்று தெரியாது. கண்ணாடியில் தெரியும் தலைகீழ்த் தமிழ்நாட்டிலும் ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் அதேதான். குரோமோசோம் உருவங்களில் இடமுறுக்கா வலமுறுக்கா என்பதை ஹை-சி தரவு மட்டும் சொல்லவே முடியாது. அட்டைப்படங்களில் இதை யாரும் குறிப்பிடுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் நான்காவது. பொங்கலுக்கு முந்தைய நாள் ஓடிய பேருந்தும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஓடியதும் ஒரே நோட்டில் கூட்டி எழுதப்பட்டிருக்கின்றன. ஹை-சியில் பல லட்சம் செல்களை ஒன்றாகக் கலந்து எண்ணுகிறோம். அ, ஆ என்ற இரு இடங்கள் சில செல்களில் சேர்ந்திருக்கும். ஆ, இ வேறு சில செல்களில். அவும் இயும் எந்தச் செல்லிலும் சேரவில்லை. சராசரியில் அ ஆவுக்கு அருகில், ஆ இக்கு அருகில், ஆனால் அ இயிலிருந்து வெகுதூரம். எந்த ஒற்றை உருவமும் இதற்குப் பொருந்தாது. சராசரி மனிதனுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான கால்கள் என்று புள்ளியியல் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வார்களே, அந்த மனிதனை யாரும் தெருவில் பார்த்ததில்லை.

ஃபிராங்க் ஆல்பர் குழு 2012இல் இதற்கு ஒரு பதில் தந்தது. ஓர் உருவம் வேண்டாம். ஆயிரக்கணக்கில் உருவங்களை ஒரே நேரத்தில் கட்டுவோம். ஒவ்வொன்றும் வேறாக இருக்கட்டும். எல்லாவற்றின் தொடுகைகளையும் கூட்டினால் நோட்டில் உள்ள எண்ணிக்கை வர வேண்டும், அவ்வளவுதான். நல்ல பதில். ஆனால் அதே கூட்டுத்தொகையைத் தரும் உருவக் கூட்டங்கள் எத்தனையோ இருக்கலாம்.

ஒற்றை உருவம் ஓரளவு கைகொடுத்த இடமும் உண்டு. 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈஸ்டின் 16 குரோமோசோம்களுக்கும் முப்பரிமாண மாதிரி கட்டினார்கள். நடுக்கட்டுகள் எல்லாம் ஒரு முனையில் கொத்தாக வந்தன. ரப்ல் 1885இல் சொன்ன ஒழுங்கேதான். ஈஸ்டில் நடுக்கட்டுகள் உட்கருவின் சுவரோடு கட்டப்பட்டிருக்கின்றன. செல்லுக்குச் செல் மாற்றம் குறைவு. மரபுத்தொகையும் 1.2 கோடி எழுத்துகளே. சராசரிக்கு அங்கே பொருள் இருக்கிறது.

சராசரி வேண்டாமென்றால் ஒரே ஒரு செல்லை எண்ணலாமே என்று கேட்பீர்கள். 2013இல் பீட்டர் ஃபிரேசர் குழு அதைச் செய்தது. செல் ஒன்றிலிருந்து தேறும் தொடுகைகள் குறைவு. அதோடு, நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு. படித்த வரி இரண்டில் எதிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் தெரியாது. 2017இல் கேம்பிரிட்ஜில் எர்னஸ்ட் லாவே குழு ஒரு சாமர்த்தியம் செய்தது. ஒவ்வொரு குரோமோசோமும் ஒற்றைப் படியாகவே உள்ள சுண்டெலிச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். குழப்பம் பாதி தீர்ந்தது. கிடைத்த உருவங்களை நுண்ணோக்கிப் படங்களோடும் ஒப்பிட்டார்கள். வட்டாரங்களின் உள்மடிப்பு செல்லுக்குச் செல் வெகுவாக வேறுபட்டது. வேலை செய்யும் பகுதி ஒருபுறம், உறங்கும் பகுதி மறுபுறம் என்ற பெரும் பிரிவினை மட்டும் எல்லாச் செல்லிலும் நிலைத்திருந்தது.

இனிக் கண்ணிகள். என் கட்சிக்கான சாட்சி இங்கேதான் இருக்கிறது.

கண்ணிகளின் இரு காலிலும் பெரும்பாலும் சிடிசிஎஃப் என்ற புரதம் உட்கார்ந்திருக்கும். அது பிடித்துக்கொள்ளும் எழுத்துக்கோவைக்குத் திசை உண்டு. அம்புக்குறி போல் இப்படியோ அப்படியோ நோக்கும். இரண்டு கால்களுக்கு நான்கு விதச் சேர்க்கை. தற்செயல் என்றால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 25 வர வேண்டும். ராவ் குழு எண்ணியபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரே சேர்க்கை: இரண்டு அம்பும் ஒன்றையொன்று எதிர்நோக்கியிருந்தன. வெளியில் மிதந்து அலைந்து தற்செயலாகச் சந்திக்கும் இரண்டு இடங்களுக்கு, இடையில் பல லட்சம் எழுத்து வளைந்து கிடக்கும்போது, தங்கள் அம்பின் திசை எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. இழையின் மேலேயே ஏதோ ஒன்று நடந்து வந்து அம்பைப் படிக்க வேண்டும்.

கொஹீசின் என்ற வளையப் புரதம் இழையைப் பற்றி, இரு பக்கமும் இழுத்து இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. எதிர்நோக்கும் சிடிசிஎஃப் தடுக்கும்போது நிற்கிறது என்ற கருத்து அப்படித்தான் வலுப்பெற்றது. 2015, 2016 ஆண்டுகளில் சான்பார்ன், லீபர்மன்-எய்டன் குழுவும் ஃபியூடன்பர்க், மிர்னி குழுவும் தனித்தனியே இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தன. அதற்கு முன், 2009இல் 'ஃபிராக்டல் உருண்டை' என்ற அழகான கோட்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. முடிச்சே இல்லாமல் அடுக்கடுக்காக மடியும் பாலிமர், அட்டைப்படத்துக்கென்றே பிறந்தது. அதை முன்வைத்தவர்களில் ஒருவரான லீபர்மன்-எய்டனின் குழுவே 2015இல் புதிய தரவில் வட்டாரங்களுக்கு அது பொருந்தவில்லை என்று கணக்கோடு எழுதியது. அதே கட்டுரையில் 13 மரபணுத் திருத்தச் சோதனைகள் செய்தார்கள். சிடிசிஎஃப் பிடிக்கும் இடத்தை வெட்டினால், திருப்பிப் போட்டால் அணி எப்படி மாறும் என்பதைக் கண்ணி இழுக்கும் மாதிரி சொன்னது. சோதனைகள் அதோடு ஒத்துப்போயின. மாதிரிக்குக் கொடுத்த தகவல், திருத்தாத செல்லில் சிடிசிஎஃப் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்.

2017இல் ஒரு மருந்தைக் கொண்டு கொஹீசினையே செல்லிலிருந்து அகற்றிப் பார்த்தார்கள். கண்ணிகள் மறைந்தன. மருந்தைக் கழுவிக் கொஹீசின் திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் கண்ணிகளும் திரும்பின. 2018இல் கீஸ் டெக்கர் ஆய்வகத்தில் கொஹீசினின் உறவினரான கான்டென்சின் ஒற்றை டிஎன்ஏ இழையை இழுத்துக் கண்ணி போடுவதை நேரிலேயே படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு கொஹீசினையும் பிடித்துவிட்டார்கள். முதலில் கணினியில் ஊகம், பிறகு கண்ணெதிரே காட்சி. உயிரியலில் இந்த வரிசை அரிது.

நண்பர்களின் தரப்பைச் சொல்வதாக வாக்களித்தேன். 'உருவம் இல்லாமல் அணியை மட்டும் நம்பினால் நீயும் ஏமாறுவாய்' என்பார்கள். நியாயம் உண்டு. 2018இல் பொக்டன் பிந்து, ஷியாவெய் ஷுவாங் முதலியோர் ஒவ்வொரு செல்லிலும் இழையை 30,000 எழுத்துத் துண்டுகளாக நுண்ணோக்கியில் நேரடியாகத் தடம்பிடித்தார்கள். தனிச் செல்லிலும் வட்டாரங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் எல்லைகள் செல்லுக்குச் செல் வேறு இடத்தில். கொஹீசினை அகற்றியபோது சராசரி அணியில் வட்டாரங்கள் துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டன. தனிச் செல்லிலோ அப்போதும் வட்டாரங்கள் இருந்தன! எல்லைகள் மட்டும் எங்கு வேண்டுமானாலும் விழுந்தன. கூட்டியபோது ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அணியை மட்டும் பார்த்தவர்கள் 'வட்டாரம் கரைந்தது' என்று எழுதியிருந்தார்கள்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்வி எப்போதும் வரும். 2015இல் பெர்லினில் ஸ்டீஃபன் முண்ட்லோஸ் குழு விரல் குறைபாடுகள் தலைமுறையாக வரும் குடும்பங்களை ஆராய்ந்தது. சம்பந்தப்பட்ட மரபணுக்களில் பிழை இல்லை. 2ஆம் குரோமோசோமில் இரு வட்டாரங்களின் நடுவே இருந்த எல்லை அறுபட்டிருந்தது, அல்லது இடம் மாறியிருந்தது. ஒரு வட்டாரத்தின் தூண்டுபகுதி பக்கத்து வட்டாரத்து மரபணுவை முடுக்கியதால் வந்த கேடு அது. எலியில் அதே எல்லையை வெட்டிக் காட்டினார்கள். இதைக் கேட்டதும் எல்லை உடைந்தால் எல்லாம் கெடும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2019இல் பழ ஈக்களில், குரோமோசோம்கள் தாறுமாறாகத் திருப்பிப் போடப்பட்ட வகைகளை ஆராய்ந்தபோது, எல்லைகள் பல உடைந்தும் பெரும்பாலான மரபணுக்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. எந்த எல்லை முக்கியம், எது அலங்காரம் என்பதற்குப் பொது விதி இன்னும் இல்லை.

எதிர்பாராத பயனும் ஒன்று உண்டு. இழையில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் அதிகம் தொடும் என்ற விதியைத் திருப்பிப் போடுங்கள்: அதிகம் தொடுபவை பக்கத்தில் இருந்தாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் மரபுத்தொகை 2007இலேயே படிக்கப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. 2017இல் ஓல்கா டுட்சென்கோ முதலியோர் ஹை-சி எண்ணிக்கையை வைத்தே அவற்றை வரிசைப்படுத்தி, கொசுவின் மூன்று குரோமோசோம்களையும் முழு நீளத்துக்கு அடுக்கிவிட்டார்கள். நம் ஊரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியாகிற கொசு அது. இதே குழுவினர் பிறரோடு சேர்ந்து 2024இல், சைபீரியாவின் உறைபனியில் கிடைத்த 52,000 ஆண்டு பழைய கம்பளி யானையின் தோலிலிருந்து தொடுகைகளை எண்ணி, அதற்கு 28 இணைக் குரோமோசோம்கள் என்று கண்டார்கள். உலர்ந்து உறைந்த தோலில் குரோமோசோம் கலையாமல் நிற்குமா என்று சோதிக்க, உலர்ந்த மாட்டிறைச்சியைத் துப்பாக்கியால் சுட்டும் காரை ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள்! தொடுகைகள் தாக்குப்பிடித்தன.

கடைசியாக, இப்போதைய அலை. 2020இல் வெளியான 'அகிதா' என்ற ஆழ்கற்றல் வலையிடம் ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துகளை மட்டும் கொடுத்தால், அந்தப் பகுதியின் தொடுகை அணியை அது ஊகித்துத் தரும். எழுத்தை மாற்றிக் கொடுத்தால் அணியும் மாறும். நோயாளியின் மரபுத்தொகையில் காணும் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் மடிப்பைக் குலைப்பது எது என்று ஆய்வகத்துக்குப் போகுமுன்பே சல்லடையிட இது உதவும். நான் முதலில் வைத்த உரைகல்லில் இதுவும் தேறத் தகுதியுள்ள மாதிரிதான், ஏனெனில் இதை வெட்டிச் சோதிக்க முடியும். ஆனால் அது கற்றதும் அதே சராசரி நோட்டிலிருந்துதான். தனிச் செல்லைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள்.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இந்தத் தரவைத் திரட்டக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ஆராய அது வேண்டாம். நான் சொன்ன ஆய்வுகளின் தொடுகைத் தரவு பெரும்பாலும் பொதுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அணியை விரித்துப் பார்க்கும் 'ஜூஸ்பாக்ஸ்' போன்ற மென்பொருள்களும் அப்படியே. வேண்டியது நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கொஞ்சம் நிரலெழுதும் பழக்கம். கணிதமோ கணினியோ படிக்கிறவர்கள் உயிரியல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஓர் உயிரியல் மாணவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டால் போதும். 21ஆம் குரோமோசோமிலிருந்து தொடங்குங்கள். மனிதக் குரோமோசோம்களில் அதுவே மிகச் சிறியது. 50,000 எழுத்துத் துண்டுகளாகப் பிரித்தால் ஆயிரத்துக்கு ஆயிரம்கூட வராத ஓர் அணி. உங்கள் மடிக்கணினியே தாங்கும்.